அழுத்தம் எங்கே விழுகிறது? கையேடுகள் மறைக்கும் ஒலி

தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றுத்தரும் கையேடுகளில் உச்சரிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், ஃபோட்டோகிராஃபிக். மூன்றிலும் முன்பகுதி ஒண்ணுதான். ஆனா ஆங்கிலேயர் வாயில் அது ஒண்ணு இல்லை. முதல் சொல்லில் அழுத்தம் 'ஃபோ'வில். இரண்டாவதில் அது அடுத்த அசைக்குத் தாவி, சொல் கிட்டத்தட்ட 'ஃபடாக்ரஃபர்' என்று ஒலிக்கிறது. மூன்றாவதில் 'க்ரா'வுக்குப் போய்விடுகிறது.

அழுத்தம் என்றால் 'சத்தமா சொல்றது' என்று இந்தப் புத்தகங்கள் முடித்துக்கொள்கின்றன. அது பாதிதான். அழுத்தமான அசை நீளும், சுருதி மாறும், அதன் உயிரொலி முழுசாக இருக்கும். மற்ற அசைகளின் உயிரொலி பெரும்பாலும் தேய்ந்து மங்கிப்போகும். காதுக்குச் சிக்கும் நல்ல தடயமே இந்தத் தேய்வுதான். எல்லா உயிரையும் முழுசாக எழுதிக் காட்டும் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு அதைத்தான் அழித்துவிடுகிறது.

அடுத்து, விதிகள். 'பெயர்ச்சொல்லில் முதல் அசை, வினைச்சொல்லில் இரண்டாம் அசை' என்பார்கள். 'ரெக்கார்ட்' என்ற சொல்லுக்குச் சரி. ஆனால் ரிப்போர்ட், கன்ட்ரோல், ரிப்ளை? பெயரானாலும் வினையானாலும் இவற்றுக்கு இரண்டாம் அசைதான். '-இக்', '-ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை என்ற விதி உண்மையிலேயே உதவும். அதற்கும் 'பாலிட்டிக்ஸ்', 'அராபிக்' போன்ற விலக்குகள் உண்டு. இரண்டிலும் முதல் அசைதான்.

இது வெறும் 'ஆக்சென்ட்' அலங்காரம் இல்லீங்க. ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987-ல் காட்டியது இது: ஆங்கிலப் பேச்சில் வரும் பொருளுள்ள சொற்களில் ஏறக்குறைய 90 சதவீதம் முழு உயிர் உள்ள அசையில் தொடங்குகின்றன. அதனால் முழு அசை வந்தாலே புதுச்சொல் ஆரம்பம் என்று கேட்பவர் காது எடுத்துக்கொள்கிறது. நாம் அழுத்தத்தை இடம் மாற்றினால், எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் அவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம்.

நம் காதுக்கு இது புதுசும் இல்லை. குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம் என்று உயிர் குறுகுவதைத் தொல்காப்பியமே பேசுகிறது. 'தலைவன்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்க, 'லை' சுருங்குவது தெரியும்.

அதனால் விதியை மனப்பாடம் செய்யும் முன், சொல்லைக் கேட்டு 'எந்த உயிர் தேயுது?' என்று தேடுங்க. தேயாமல் நிற்பவற்றில் எது நீண்டு, சுருதி மாறி ஒலிக்கிறதோ அங்கேதான் அழுத்தம். பிறகு அகராதியில் சரிபாருங்க. ஒலிக்குறியீட்டில் மேலே இருக்கும் சிறு செங்குத்துக் கோடு தனக்கு அடுத்து வரும் அசையைத்தான் காட்டும், முந்தையதை இல்லை. இந்த ஒரு வரியாவது கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.