சிட்டக் கணக்கு

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் விலை தினமும் ஏறி இறங்கும். கதர் நூற்கும் பெண்ணுக்கு அந்தப் பதற்றமில்லை: 1,000 மீட்டர் ஒரு சிட்டம், சிட்டத்துக்கு இவ்வளவு கூலி. சின்னாளபட்டி அருகே டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம், சுற்றுவட்டாரப் பெண்கள் கையில் காசு புழங்க இப்படியும் வழி செய்தது.

ராட்டையும் நம்மவர் வேலைதான். தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கியதால் அம்பர் ராட்டை. கைப்பிடியைச் சுற்றினால் கதிர்கள் எல்லாம் சேர்ந்து சுழலும். நூல் அறுந்தால் விரல்நுனியால் தொட்டு ஒட்டிவிடுவார்கள். எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காத லாவகம். ஆலைத்துணியின் வழவழப்பு கதருக்கு இல்லை. எனக்கு அந்தச் சொரசொரப்புதான் பிடிக்கும்.

கூலி இன்னும் உயர வேண்டும், சந்தேகமில்லை. காந்தி ஜெயந்தித் தள்ளுபடிக்குக் காத்திராமல் இப்போதே ஒரு சட்டைத்துணி எடுங்கள்.