கதிரையும் தாழ்மையும்
சிலோனேயின் நாடகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

இத்தாலிய எழுத்தாளர் இக்னாசியோ சிலோனே 1968இல் வெளியிட்ட நாடகத்தின் தலைப்பை 'ஒரு ஏழைக் கிறிஸ்தவனின் சாகசம்' என்று தமிழில் சொல்லலாம். இத்தாலியப் பேச்சுவழக்கில் 'ஏழைக் கிறிஸ்தவன்' என்பது அகப்பட்டுக்கொண்ட எந்த அப்பாவியையும் குறிக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பில் அந்த ஏழை 'தாழ்மையான கிறிஸ்தவன்' ஆகிவிட்டான். இதைச் சின்ன விடயமாக என்னால் எடுக்க முடியவில்லை. ஏழ்மை ஒரு நிலைமை, தாழ்மை ஒரு நற்குணம். நிலைமையை நற்குணமாக்கிவிட்டால் அதிகாரம் பற்றிப் பேசவேண்டிய தேவை இல்லாமற் போய்விடுகிறது. நாடகமோ அதிகாரத்தைப் பற்றியது.

நாடகத்தின் பின்னணி வரலாறு இதுதான். 1292 ஏப்ரலில் பாப்பரசர் நான்காம் நிக்கலஸ் இறந்தபின், கர்தினால்மார் இரண்டு வருடங்களுக்கு மேலாக உடன்பாடு காணமுடியாமற் கிடந்தனர். 1294 ஜூலையில் அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில் தவமிருந்த பியெத்ரோ என்ற வயோதிபத் துறவியைத் தெரிவுசெய்தனர். ஐந்தாம் செலஸ்தீன் என்ற பெயருடன் அவர் லாக்குயிலா நகருக்குள் கழுதையில் வந்தார். கடிவாளத்தைப் பிடித்து வந்தவர்கள் நேப்பிள்ஸ் மன்னன் இரண்டாம் சார்ள்சும் அவன் மகனும். டிசம்பர் 13இல் செலஸ்தீன் பதவியைத் துறந்தார். பதினொரு நாட்களின் பின் சட்ட வல்லுநரான கயெத்தானி, எட்டாம் பொனிபாஸ் ஆனார். பழைய பாப்பரசர் வெளியே உலவுவது ஆபத்து என்று கருதிய பொனிபாஸ் அவரைப் பிடித்து ஃபூமோனே கோட்டையில் அடைத்தார். 1296 மேயில் அவர் அங்கேயே இறந்தார்.

சிலோனே இதனை மனச்சாட்சிக்கும் நிறுவனத்துக்குமிடையிலான மோதலாக எழுதுகிறார். அவருடைய செலஸ்தீன், ஆளுவதும் கிறிஸ்தவனாக வாழ்வதும் ஒருசேர நடவாது என்ற முடிவுக்கு வருகிறார். பொனிபாஸ் நிறுவனத்தின் தர்க்கத்தைப் பேசுகிறார். வாசகனின் அனுதாபம் யார் பக்கம் போகும் என்பதில் சந்தேகமில்லை. நான் முரண்படுவதும் இந்த இடத்தில்தான்.

அந்த ஐந்து மாதங்களில் உண்மையில் ஆண்டது யார்? செலஸ்தீன் ரோமுக்குப் போகவேயில்லை. மன்னனின் பாதுகாப்பில் நேப்பிள்ஸில் தங்கினார். அவர் நியமித்த 12 புதிய கர்தினால்மாரில் பெரும்பான்மையோர் பிரெஞ்சுக்காரர். அது மன்னனின் விருப்பம். கோட்டைக்குள்ளேயே தனக்கொரு மரச்சிற்றறை அமைத்துக்கொண்டார். பாப்பரசர் உள்ளே செபித்துக்கொண்டிருக்க, மன்னன் வெளியே காரியம் பார்த்தான். அவருடைய தாழ்மை பொய்யானதல்ல. ஆனால் தலைவனின் தனிப்பட்ட தாழ்மை, அவனைச் சுற்றி நிற்பவர்களின் அதிகாரத்தை ஒரு அங்குலமும் குறைப்பதில்லை. சிலோனே இதைப் பிறருடைய சூழ்ச்சியாக மட்டும் பார்த்துத் தன் நாயகனை விடுவித்துவிடுகிறார்.

செலஸ்தீனின் சாதனை என்று நான் கருதுவது வேறொன்று. பாப்பரசர் தன் விருப்பத்தின்பேரில் பதவி விலகலாம் என்று அவர் சட்ட அறிஞர்களைக் கலந்து ஆணையிட்டார், பிறகு விலகினார். இது எளிதாக ஏற்கப்படவில்லை. 1297இல் பொனிபாஸை எதிர்த்த கொலொன்னா கர்தினால்மார், அழைத்தவர் கடவுள் என்றால் அவரைத் தவிர வேறெவரும் விடுவிக்க முடியாது, ஆகவே துறவு செல்லாது என்று வாதிட்டனர். 'தேவ அழைத்தல்' என்ற சொல்லின் ஆபத்து இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. மேலிருந்து வந்த அழைப்பு என்று சொல்லிவிட்டால், கீழிருந்து யாரும் கேள்வி கேட்க இயலாது. அழைக்கப்பட்டவனாற்கூட எழுந்து போக இயலாது. செலஸ்தீனின் ஏனைய முடிவுகள் பலவற்றை இரத்துச் செய்த பொனிபாஸ், இந்த ஒன்றை 1298இல் திருச்சபைச் சட்டத்தொகுதியில் சேர்த்துக்கொண்டார். தன் கதிரையின் நியாயமே அதில் தங்கியிருந்தது. 2013 பெப்ரவரியில் பதினாறாம் பெனடிக்ட் விலகியபோது, அந்த வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

பாப்பரசர்கள் தமது ஆணைகளில் தம்மைக் 'கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்' என்று எழுதிக்கொள்வது வழமை. அப்படி எழுதிக்கொண்டுதான் 1302இல் பொனிபாஸ், மீட்படைய ஒவ்வொரு மனிதனும் பாப்பரசருக்குக் கீழ்ப்பட்டிருப்பது அவசியம் என்று பிரகடனம் செய்தார். ஊழியன் என்ற சொல் யாருடைய கையையும் கட்டிவிடவில்லை.

சிலோனே ஏன் விலகலைத் தூய்மையாகவே பார்த்தார்? 1921இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் அவர். 1931இல் அதிலிருந்து வெளியேற்றப்பட்டார். சுவிஸில் அகதியாக வாழ்ந்தார். கட்சியில்லாத சோசலிஸ்ட், திருச்சபையில்லாத கிறிஸ்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். அவர் இறந்து பல வருடங்களின் பின், 1990களின் பிற்பகுதியில், அவர் முன்னர் பாசிசப் பொலிசுக்குத் தகவல் கொடுத்துவந்தார் என்று பியோக்கா, கனாலி ஆகிய வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களை வெளியிட்டனர். மறுப்போரும் உண்டு. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் 1930ஆம் ஆண்டுக் கடிதமொன்று அந்த உறவிலிருந்து விடுதலை கேட்கிறது. இதை அறிந்தபின் நாடகம் சிறுத்துப்போவதாக நான் நினைக்கவில்லை. விலகியவன் எல்லாவற்றிலிருந்தும் கழுவப்பட்டு வெளியே வருகிறான் என்ற அதன் நம்பிக்கை மட்டும் வேறு தொனியில் ஒலிக்கிறது.

புகலிடத்தில் இதை வாசிக்கும் எங்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. 'தலைவர் எளிமையானவர்' என்பதை எமது இயக்கங்கள் ஒரு வாதமாகவே பாவித்தன. அவர் எளிமையாக உண்டார், எளிமையாக உடுத்தார் என்பது, அவரை யார் கேள்வி கேட்பது என்ற கேள்விக்குப் பதிலாக வைக்கப்பட்டது. விலகியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஃபூமோனே கோட்டைகள் எங்களிடமும் இருந்தன. செலஸ்தீனின் ஆணையைப் போன்ற ஒன்றுதான் இருக்கவில்லை.

ஆகவே ஒரு தலைமையின் தாழ்மையை நான் தலைவனின் முகத்திலோ சாப்பாட்டுக் கோப்பையிலோ தேடமாட்டேன். அவனை விலக்க வழி உண்டா, அவனாக விலக வழி உண்டா, விலகியபின் உயிரோடு, வாய்திறந்து வாழ வழி உண்டா என்றே கேட்பேன். முதலிரண்டையும் சட்டம் தரலாம். மூன்றாவதைச் சட்டம் மட்டும் தராது என்பதற்குச் செலஸ்தீனே சாட்சி. சிலோனேயை என்னிலும் அனுதாபத்தோடு வாசித்தவர்கள் மறுத்து எழுதட்டும்.