மாத்திரையை நிறுத்தியாயிற்று, பிறகு?

இங்கிலாந்தில் நாள்பட்ட வலிக்கான வைத்தியம் 2021 ஏப்ரலில் திசை மாறியது. வேறு எந்த நோயும் காரணமாகத் தெரியாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு பாரசிட்டமால், இபுப்ரோஃபென், கோடீன், கபாபென்டின், பிரீகாபலின் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 'நைஸ்' எனப்படும் வழிகாட்டி அமைப்பு சொன்னது. அது பரிந்துரைத்தவை உடற்பயிற்சி வகுப்பு, பேச்சுச் சிகிச்சை, அக்குபங்சர், மனச்சோர்வு மருந்துகளில் சில. இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியவர் ஜிபி என்கிற குடும்ப மருத்துவர். பிராட்ஃபோர்டின் மீர்பூரிப் பெண்ணும், லெஸ்டரின் குஜராத்தி முதியவரும், ஹாரோவின் யாழ்ப்பாணத்து அம்மாவும் எனத் தெற்காசியர்கள் அவர் முன்னால் போய் உட்காரும்போது இந்த மாற்றம் எப்படி வேலை செய்கிறது?

முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோடீனை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவருக்கு மலச்சிக்கலும் மருந்துப் பழக்கமும் மிஞ்சும், வலி அப்படியே இருக்கும். பிரீகாபலினும் கபாபென்டினும் 2019 ஏப்ரல் முதல் பிரித்தானியாவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். பொறுப்பை ஜிபியிடம் விட்டதும் நல்லதே. எலும்பு நிபுணர் தோளை மட்டும் பார்ப்பார். ஜிபியின் கணினியிலோ அதே நோயாளியின் சர்க்கரை அளவு, தைராய்டு, தூக்கமின்மை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. தோள்மூட்டு இறுகிப்போவது நீரிழிவுக்காரர்களிடம் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குத்தான் உண்டு.

ஆனால் இந்த வழிகாட்டுதல் முழுவதும் 'வேறு காரணம் தெரியவில்லை' என்ற ஒரு தீர்ப்பின் மேல் நிற்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கும் நீரிழிவு நரம்பு வலிக்கும் தனி வழிகாட்டுதல்கள் உண்டு. ஆக, எது எந்த வகை வலி என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதற்கு நோயாளி பேச வேண்டும், மருத்துவருக்கு அது புரிய வேண்டும். வழக்கமான சந்திப்புக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பாதி புரிந்த கதையோடு ஒருவரை 'காரணமில்லா வலி' பட்டியலில் சேர்த்துவிட்டால், வழிகாட்டுதலைப் பின்பற்றியதாகவே கணக்காகும். நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகும்.

இது கற்பனைப் பயமல்ல. கிளாஸ்கோவின் பாகிஸ்தானியரிடையே வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும் நோய் இருப்பதை மருத்துவர்கள் 1962-லேயே எழுதிவிட்டார்கள். கறுத்த தோல், உடலை மூடும் உடை, வீட்டுக்குள் அடைந்த வாழ்க்கை, குளிர்காலம் முழுக்கப் பயன்படாத வெயில் எல்லாம் சேர்ந்தால் இடுப்பும் தொடையும் விலாவும் நோகும், படியேற முடியாது. இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய, மலிவாகக் குணமாகும் நோய் இது. எல்லா உடம்பு வலிக்கும் வைட்டமின் டி மருந்தாகிவிடாதுதான். மாஞ்செஸ்டர் வட்டாரத்தில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வொன்று, சிறுபான்மை இனத்தவரிடம் வலி வெள்ளையரைவிட உடலெங்கும் பரவியிருப்பதைக் காட்டியது. அந்தப் பரவலுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. அதனால்தான் ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரணையைத் தவிர்க்க எளிய வழியொன்றும் இருக்கிறது: பழியைப் பண்பாட்டின் மேல் போட்டுவிடலாம். பிரித்தானிய மருத்துவ வட்டாரத்தில் 'பீபி சிண்ட்ரோம்' என்றொரு கேலிப்பெயர் புழங்கியதுண்டு. உடம்பெல்லாம் வலி என்று சொல்லும் தெற்காசிய நடுவயதுப் பெண்கள்தான் அதன் இலக்கு. இன்று அப்படி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. 'இவர்கள் மனக்கவலையை உடல் வலியாகச் சொல்பவர்கள்' என்ற நாகரிகமான வாக்கியம் அதே வேலையைச் செய்துவிடுகிறது. நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. ஜிபிக்களில் கணிசமானோர் தெற்காசிய வம்சாவளியினர். "வயசு போனால் இப்பிடித்தான் அன்ரி" என்று சுத்தமான தமிழிலேயே ஒருவரை அனுப்பிவைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் இடத்தில் மகனை உட்கார்த்துவதை நான் இதைவிடப் பெரிய குறையாகக் கருதுகிறேன். கருப்பை இறக்கத்தையோ கணவனின் அடியையோ எந்தத் தாயும் மகன் வாயால் சொல்லமாட்டாள். இலங்கைத் தமிழ் அகதிகளில் சித்திரவதையை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளங்காலில் அடிபட்டவரின் பாத வலியும், கைகளைக் கட்டித் தொங்கவிடப்பட்டவரின் தோள் வலியும் 'காரணமில்லா வலி' ஆகா. பிள்ளைகளுக்கே சொல்லாத அந்தக் கதை பிள்ளை வழியாக மருத்துவரிடம் எப்படிப் போய்ச்சேரும்?

அடுத்து, மாற்றுச் சிகிச்சைகள். ஆங்கிலம் தெரிந்த, சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடியவருக்கு அவை பொருந்தும். பெட்ரோல் நிலையத்தில் மணிக்கூலிக்கு இரவு வேலை பார்ப்பவர் பகல் பதினொரு மணி உடற்பயிற்சி வகுப்புக்கு எப்படிப் போவார்? ஆணும் பெண்ணும் கலந்த கூடத்தில் சேலைக்காரி எப்படிக் கையைத் தூக்குவாள்? மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றான அமிட்ரிப்டிலினின் கதை இன்னும் பரிதாபமானது. குறைந்த அளவில் வலிக்கும் தூக்கத்துக்கும் தருகிறேன் என்று மருத்துவர் ஒரு வார்த்தைகூட விளக்கியிருக்கமாட்டார். பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'மனச்சோர்வு' என்று மகள் வாசித்துக் காட்டுவாள். "என்னை விசரி எண்டு நினைச்சிட்டார்" என்று அம்மா மாத்திரையைக் குப்பையில் போடுவார். சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர் என்று கோப்பில் பதிவாகும்.

நோயாளிகள் பக்கமும் தவறு இல்லாமலில்லை. ஸ்கேன் எடுத்தால்தான் வைத்தியம், ஊசி போட்டால்தான் டாக்டர் என்ற பிடிவாதமும், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் நம்மிடம் உண்டு.

'தெற்காசியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி அவர்களுக்கென்று தனி வலித் திட்டம் வகுப்பது இதற்குத் தீர்வாகும் என்று நான் நம்பவில்லை. சில்ஹெட்டிக்கும் பஞ்சாபிக்கும் தமிழுக்கும் பொதுவாக அதில் என்ன பேச முடியும்? மொழியும் நேரமும் இல்லாதவருக்கு 2021-இன் மாற்றம் மருந்தை மட்டும் பறித்திருக்கிறது. அந்த இரண்டையும் தருவதற்கான விதி ஏற்கெனவே இருக்கிறது. ஜிபியிடம் மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசம். அதற்கு வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் ஒதுக்கலாம் என்று அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2018-இலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே அம்மாவுக்கு அடுத்த முறை நேரம் பதியும்போது மொழிபெயர்ப்பாளரையும் இரட்டை நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் வெளியே காத்திருங்கள்.