வாலில் தாளம், தலையில் மனோதர்மம்

1, 2, 4, 8, 16, 32, 64... இரண்டின் அடுக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பது எனக்குக் கச்சேரி கேட்பதுபோல. முந்தைய எண்ணை இரட்டிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அந்த ஒரே விதிக்குள் தாளமும் இருக்கிறது, மனோதர்மமும் இருக்கிறது.

தாளம் வாலில். ஒன்றாம் இலக்கம் 2, 4, 8, 6 என்று நாலே எட்டில் சுற்றி வந்துவிடும். எவ்வளவு தூரம் போனாலும் பிசகாது. கடைசி இரண்டு இலக்கங்களைக் கவனித்தால், 04-இல் எடுத்த ஆவர்த்தனம் 20 எண்கள் நடந்து 04-க்கே திரும்பும். மூன்று இலக்கங்களுக்கு 100, நான்குக்கு 500. இலக்கம் ஒன்று கூடக்கூட ஆவர்த்தனம் ஐந்து மடங்கு நீள்கிறது.

தலைப்பக்கம்தான் ரசிகரைச் சோதிக்கும் இடம். முதல் இலக்கங்களை மட்டும் வாசியுங்கள்: 1, 2, 4, 8, 1, 3, 6, 1, 2, 5. 1024-இலிருந்து மறுபடி அதே வரிசை. அடுத்த பத்தும் அப்படியே. இங்கும் ஒரு தாளம் என்று மனம் நம்பிவிடுகிறது. 46ஆம் அடுக்கில், 6 வரவேண்டிய இடத்தில் 7 வந்து நிற்கிறது: 70368744177664.

காரணம் 1024. பத்து முறை இரட்டித்தால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சரியாக ஆயிரமாக இருந்தால் தலை மாறாது, பின்னால் பூஜ்யங்கள்தாம் சேரும். மிஞ்சி நிற்கும் அந்த 24, சுற்றுக்குச் சுற்று தலையை நகர்த்துகிறது. 64, 65, 67, 68 என்று ஊர்ந்தது 70-ஐத் தொட்டுவிடுகிறது.

தலைக்கு நிலையான ஆவர்த்தனம் ஒருபோதும் அமையாது. ஆனாலும் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நெடுந்தூரம் போனால் நூற்றுக்குச் சுமார் 30 எண்கள் 1-இல் தொடங்கும். 9-இல் தொடங்குபவை 5-க்கும் குறைவு. உங்கள் பிறந்த ஆண்டைச் சொல்லுங்கள், அதைத் தலையில் சுமந்த ஓர் அடுக்கு எங்கோ நிச்சயம் இருக்கிறது.

நடுப்பகுதி இன்னும் புதிர். 86ஆம் அடுக்கு 77371252455336267181195264. 26 இலக்கங்களில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. இதைத் தாண்டிப் பூஜ்யமில்லாத அடுக்கு எவருக்கும் அகப்படவில்லை. இனி கிடையாது என்று நிரூபித்தவரும் இல்லை.

கணிப்பொறியிடம் கேட்காதீர்கள். பென்சில் எடுத்துக் கையாலேயே இரட்டித்துப் போங்கள். அதுவரை எங்கும் முன்னால் நிற்காத 9, 53ஆம் அடுக்கில் முதன்முறை தலையெடுக்கும்: 9007199254740992. சுற்றுக்குச் சுற்றுச் சேர்ந்த அந்த 24-ஐ விரலால் உணர்ந்தவருக்கே அந்த 9 இனிக்கும்.