கல்லும் குரலும்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்தில் வேங்கிக்காலில்தான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அங்கே மனுக் கொடுக்க வரும் கூட்டத்தில் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரைக் கண்டுகொள்வது சிரமமல்ல. காகிதங்களை அவர் அடுக்கி வைத்திருக்கும் நேர்த்தியே சொல்லிவிடும். எண், படைப்பிரிவு, ஓய்வு பெற்ற தேதி எல்லாம் அதில் இருக்கும். அவர் கண்டது மட்டும் இராது. அது காகிதத்தின் குற்றமல்ல. கண்டதைக் கேட்டு எழுதுவது இலக்கியத்தின் வேலை. அந்த வேலையை நாம் செய்கிறோமா?

ஒரு காலத்தில் செய்தோம். இந்த வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. 1972இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு தொகுதியே வெளியிட்டது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப்போய் மாண்ட வீரனுக்கு எடுத்தது. அவனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்கிறது எழுத்து. அரசனுக்கு ஆண்டுக் கணக்கு. நாய்க்கு ஒரு வாக்கியம்! அதை எழுதியவனை நல்ல கதாசிரியன் என்று துணிந்து சொல்வேன். எது முதலில் மறந்துபோகும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

வேலூர் மணிக்கூண்டிலும் ஒரு கல் இருக்கிறது. 1914இல் தொடங்கிய மகாயுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்பது அதன் செய்தி. எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. நாயின் பெயரைக்கூட மறவாத நாட்டில், பதினான்கு மனிதர்கள் வெறும் கணக்காகிப்போனார்கள்.

நாவல் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தையும் இந்திய தேசிய ராணுவத்தையும் தமிழில் அவ்வளவு கூர்மையாகப் பார்த்த நூல் வேறில்லை. ஆனால் நாவல் எத்தனை உயர்ந்ததானாலும் ஆசிரியனின் குரல் அது. சிப்பாயின் குரல் வேறு.

அந்தக் குரல் எப்படி இருக்கும்? 1916 டிசம்பர் 11 அன்று, ஜெர்மனியில் கைதியாக இருந்த மல் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாயைப் பேசவைத்து இசைத்தட்டில் பதிந்தார்கள். அவர் ‘நான்’ என்று சொல்லவில்லை. ஒரு மனிதன் இருந்தான், ஹிந்துஸ்தானத்தில் வெண்ணெய் சாப்பிட்டான் என்று கதை போலத் தொடங்குகிறார். வீரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வெண்ணெயும் வீடு திரும்பும் ஆசையுந்தான். எந்தக் கதாசிரியனும் துணியாத தொடக்கம் அது. கேட்டவர்கள் அதைத் திருத்தாமல் விட்டதுதான் அவர்கள் செய்த பெரிய உபகாரம்.

நம்மவர்கள் சேகரிப்பதில் குறை இங்கேதான். எத்தனை பேரைச் சுட்டீர்கள், என்ன பதக்கம் வாங்கினீர்கள் என்றே கேட்கிறோம். கேள்விக்கேற்ற பதில் கிடைக்கிறது, மனிதர் கிடைப்பதில்லை. எந்தக் கல்லிலும் சேராத அனுபவங்களும் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் தமிழ் பேசும் சிப்பாய்களும் இருந்தார்கள். எதிரில் இருந்தவர்கள் பேசியதும் தமிழ். வாசலில் நின்று அவர்கள் கேட்ட சொற்கள் என்ன? அந்தக் கதை இங்கேயும் யாருக்கும் உவப்பானதல்ல, அங்கேயும் அல்ல. ஆகவேதான் அதை முதலில் கேட்க வேண்டும் என்கிறேன்.

கிழவரின் ஞாபகம் தவறாதா என்பார்கள். தவறும். தேதிக்குத்தான் காகிதம் இருக்கிறதே! அவரிடம் நாம் கேட்க வேண்டியது வேறு.

1971 யுத்தத்தில் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அடுத்த முறை அவரைத் திண்ணையில் கண்டால் யுத்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார் என்று கேளுங்கள். பிறகு, தயவுசெய்து, குறுக்கே பேசாதிருங்கள்.