எர்லாண்டரும் டேவிட்டும்

தலைவர்களைப் பற்றி நம்மிடையே வெளிவரும் நினைவு மலர்களுள் பல, மெய்க்கீர்த்தியின் வழிவந்தவை. சோழ மன்னரின் மெய்க்கீர்த்தி, வென்ற நாடுகளை வரிசைப்படுத்திச் சொல்லும். எந்நிலத்தில் காலூன்றி வென்றான் என்பதைச் சொல்லாது. கல்வெட்டுக்கு அம்முறை தகும். பாட்டாளிகளின் தலைவர் ஒருவரை மதிப்பிட அது சிறிதும் தகாது என்பதே எம் துணிபு.

இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர், 1946 முதல் 1969 வரை இடையறாது 23 ஆண்டுகள் ஸ்வீடனின் பிரதமராக வீற்றிருந்த தாகே எர்லாண்டர். மற்றவர், நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சங்கவாதி வி. டேவிட். மெய்க்கீர்த்தி முறைப்படி முன்னவர் பேரரசர். பின்னவரோ கட்சிவிட்டுக் கட்சி தாவிய எதிர்க்கட்சிக்காரர். இத்தீர்ப்பு நம்மவர் நாவில் எளிதாக வருகின்றது. அது பிழையான தீர்ப்பு.

எர்லாண்டர் 1901-இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன். லுண்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, கலைக்களஞ்சியப் பதிப்பகம் ஒன்றில் பணியாற்றியவர். குழந்தைகளுக்கான உதவித்தொகை 1948-இல் நடைமுறைக்கு வந்ததும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளி 1962-இல் சட்டமானதும் அவர் ஆட்சியில்தான். பதவி துறந்தபோது அவருக்குச் சொந்த வீடு இல்லை. கட்சியே குடியிருப்புக்கு வகைசெய்தது. அவர் இறந்தபின் வெளியான நாட்குறிப்புகளிலோ தன்னம்பிக்கைக் குறைவும் கலக்கமும் நிறைந்த ஒரு மனிதரைக் காண்கிறோம். பேரரசருக்குரிய பண்புகள் அல்லவே இவை! 1959-இல் அவரது ஓய்வூதியச் சட்டம் 115-க்கு 114 என்று ஒரே வாக்கில் பிழைத்தது. எதிரணியான லிபரல் கட்சியில், தொழிலாளர் வகுப்பிலிருந்து வந்த தூரே கோனிக்சன் என்பவர் வாக்களியாது விலகி நின்றமையே அதற்குக் காரணம். எதிரணிக்குள்ளும் பாட்டாளியின் மனச்சான்று புகுந்திருந்த நாடு அது.

அந்நிலம் தானாக அமைந்ததன்று. 1931-இல் ஓதாலன் என்னுமிடத்தில் வேலைநிறுத்தக்காரர் ஊர்வலத்தின்மீது படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். மறு ஆண்டே மக்கள் பெர் ஆல்பின் ஹான்சனின் சமூக ஜனநாயகக் கட்சியை ஆட்சிக்கு அனுப்பினர். 1938-இல் முதலாளிகளும் தொழிற்சங்கப் பேரவையும் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் கூடி, பூசல்களைப் பேசித் தீர்க்கும் முறையை உடன்படிக்கையாக்கினர். சங்கமும் கட்சியும் ஒரே உடலின் இரு கைகளாக இயங்கின. எர்லாண்டர் ஏறியது இவ்வாறு ஏற்கெனவே கட்டப்பட்ட மேடையில்.

அவ்வுடன்படிக்கைக்கு மூன்றாண்டு கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், தலைமகன் ஆர். எச். நாதன், பத்திரிகையாளர். கோரிக்கைகளை நோக்குக. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இந்த இறுதிக் கோரிக்கைக்கு வெள்ளிக்காசில் மதிப்பில்லை. ஆயினும் ஏனைய மூன்றுக்கும் வேராயிருப்பது அதுவே என்பேன். அரசு செய்தது என்ன? நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு நாடுகடத்திற்று, படையை அழைத்தது. இங்கும் ஐவர் மாண்டனர். ஆனால் இங்கே உடன்படிக்கை பின்தொடரவில்லை. 1948-இல் அவசரகாலம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு நீங்கியது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

டேவிட் காலூன்றிய நிலம் இதுதான். 1959-இல் சோஷலிச முன்னணியின் சார்பில் பங்சார் தொகுதியில் வென்றார். பிரிக்பீல்ட்ஸ் மக்கள் அறிந்த செய்தி இது. 1964-இல் அதே தொகுதியில் அவரை வென்றவர் தேவன் நாயர்; அவரும் தொழிற்சங்கவாதியே, பின்னர் 1981-இல் சிங்கப்பூரின் அதிபரானவர். ஒரே தொகுதியில் பாட்டாளியின் பெயரால் இருவர் மோதிக்கொண்டதை எண்ணிப் பாருங்கள்! சோஷலிச முன்னணி சிதைந்தது. 1968-இல் கெராக்கான் தோன்றியபோது டேவிட் அதில் சேர்ந்து, மறு ஆண்டு பினாங்கில் வென்றார். 1971-இல் அக்கட்சியும் பிளந்தது. பின்னர் ஜனநாயகச் செயல் கட்சியின் சார்பில் 1978-இல் டாமன்சாராவிலும் 1986-இல் பூச்சோங்கிலும் வென்றார். அடுத்த ஆண்டு ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் விசாரணையின்றிச் சிறைப்பட்டார்.

அவர் கட்சிகளைக் கைவிட்டார் என்பதைவிட, கட்சிகள் அவர் காலடியில் இடிந்தன என்பதே பொருந்தும். இத்தனைக்கும் இடையே போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தை அவர் கைவிட்டதில்லை. அன்றியும், 1969-இல் வந்த அவசரகால விதிகள் சங்கத்தையும் கட்சியையும் பிரிக்கும் சுவரை எழுப்பின: சங்கப் பொறுப்பாளர் கட்சிப் பதவி வகிக்கலாகாது, சங்கப் பணம் அரசியலுக்குச் செல்லலாகாது. எர்லாண்டரின் இரு கைகளில் ஒன்றைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்னால் அவரும் மூழ்கியிருப்பார்.

டேவிட்டிடம் குறையே இல்லை என்பது எம் வாதமன்று. பேராசிரியர்களும் மருத்துவர்களும் முன்னின்ற கெராக்கானில் தொழிற்சங்கவாதிக்கு எவ்வளவு இடம் கிட்டும் என்பதை அவர் முன்பே சீர்தூக்கியிருக்கலாம். இத்தகைய குறைகளையும் எடுத்துரைக்கும் நூலே வரலாறு எனப்படும்.

அத்தகைய நூலை எழுத முன்வரும் ஆசிரியர் எவரும் 1959-ஆம் ஆண்டுத் தேர்தலில் தொடங்கலாகாது. 1941-இல், தோட்டத்துச் செம்மண் பாதையில் சைக்கிளைவிட்டு இறங்க மறுத்த தொழிலாளியிடம் தொடங்க வேண்டும். டேவிட் மக்களவையில் பேசியவை அவை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகியுள்ளன. முதற்கண் அவற்றைத் தமிழில் பெயர்க்கலாம்.