கால் வாற் அம்பிளிபயர்

1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பிறகு, வன்னிக்குள் கொண்டுபோகத் தடை விதிக்கப்பட்ட சாமான்களில் பற்றறியும் ஒன்று. அப்போது கரண்டும் இல்லை. ஆனாலும் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் முற்றங்களில் ஓயவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார். டயரில் உரசிச் சுழலும் டைனமோ றேடியோவுக்கு உயிர் கொடுக்கும். நாலு பற்றறி போடும் றேடியோவுக்கு வேண்டியது 6 வோல்ற். டைனமோவில் எழுதியிருப்பதும் 6 வோல்ற், 3 வாற். அதே 6 வோல்ற்றில் ஓடக்கூடிய, மூன்றே ரான்சிஸ்டர் கொண்ட அம்பிளிபயர்தான் நான் மிகவும் நேசிக்கும் கைவேலை.

டைனமோ தருவது ஏசி. நாலு டயோட் போட்டு டீசியாக்கினால் 1.4 வோல்ற் வழியிலேயே போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம் இரைச்சல். வீட்டுக் கரண்டின் இரைச்சல் ஒரே சுருதியில் நிற்கும். டைனமோவின் இரைச்சலோ பெடலோடு ஏறி இறங்கும். சுற்றுகிறவர் களைத்துவிட்டதை ஸ்பீக்கரே சொல்லிவிடும். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று. டைனமோ நல்ல வேகத்தில் 200ஐத் தாண்டும். அதிர்வெண் கூடக்கூட அதை அடக்கச் சின்னக் கண்டென்சரே போதும். 1000 மைக்ரோபரட் ஒன்றை வைத்தால் குரல் மட்டும் மிஞ்சும். டைனமோ பல்பைக் கழற்றக் கூடாது. சுமை குறைந்தால், வேகமாகச் சுற்றும்போது வோல்ற் எகிறி ரான்சிஸ்டரைப் பதம் பார்த்துவிடும்.

அம்பிளிபயரின் முன்னால் நிற்பது பழைய ஜப்பான் றேடியோவிலிருந்து கழற்றிய ஒரு சி828. பின்னால் பிடி139, பிடி140 என்றொரு சோடி. கரண்ட் இல்லாவிட்டால், தகர வேலைக்காரரின் பழைய வழியில், செப்பு முனையைச் சிரட்டைக்கரியில் காய்ச்சி ஈயம் வைக்கலாம். கை மட்டும் சுறுக்காக இருக்க வேண்டும்.

அந்தச் சோடியில்தான் இந்த வேலையின் ருசி இருக்கிறது. ஒன்று அலையின் மேல்பாதியை எடுக்கும், மற்றது கீழ்ப்பாதியை. ஒரே உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவது போல. ஆனால் சிலிக்கன் ரான்சிஸ்டர் ஏறத்தாழ 0.6 வோல்ற் வரும்வரை அசையாது. மேல்பாதி முடிந்து கீழ்ப்பாதி தொடங்கும் இடத்தில் இரண்டும் சும்மா நிற்கும். சத்தமாக வைத்தால் இது அவ்வளவாகத் தெரியாது. குறைத்து வைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரக்கும், நாதஸ்வரத்தின் இழைப்பு அறுந்து அறுந்து வரும். இரண்டு பேஸுக்கும் நடுவே 1என்4148 டயோட் இரண்டைத் தொடராக இணைத்ததும் அதே குரல் தெளிந்து வருகிறதே, அந்தக் கணத்துக்காகவே எத்தனை அம்பிளிபயரும் கட்டலாம். டயோட்டுகள் ரான்சிஸ்டரின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது நல்லது. அது சூடானால் இவையும் சூடாகித் தம் வோல்ற்றைக் குறைத்துக்கொள்ளும். மின்னோட்டம் கட்டுக்குள் நிற்கும். சோடி சந்திக்கும் இடத்தில் மீற்றர் வைத்தால், வருகிற வோல்ற்றில் சரிபாதி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அலையின் ஒரு பக்கம் முந்தி நசுங்கும்.

இத்தனைக்கும் கிடைப்பது ஏறக்குறைய கால் வாற். குறைவென்று நினைக்க வேண்டாம். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றச் சக்தி பத்து மடங்கு வேண்டும். இரண்டரை வாற் அம்பிளிபயர் செலவில்தான் பத்து மடங்கு. காதுக்கு இரண்டு மடங்குதான். சாதாரண பேச்சு ஒரு மீற்றரில் 60 டெசிபல்; கால் வாற் நல்ல ஸ்பீக்கரில் 80ஐத் தொடும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குழாய் ஸ்பீக்கர் வேண்டும். முற்றத்தில் பாய் விரித்து இருப்பவர்களுக்கு இது தாராளம்.

ஸ்பீக்கர் 8 ஓம். அதற்குமுன் 470 மைக்ரோபரட் கண்டென்சர் வைத்தால் 40 ஹெர்ட்ஸ் அளவு வரை இறங்கும். ஆனால் ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்துவிட்டு அம்பிளிபயரைக் குறை சொல்வது அநியாயம். முன்பக்க அலையைப் பின்பக்க அலை தின்றுவிடுகிறது. வாய் பொருந்துகிற மண்முட்டி ஒன்றில் ஸ்பீக்கரைப் பதித்து, விளிம்பைப் பழைய ரியூப் துண்டால் இறுக்கிப் பாருங்கள். தவிலின் தொப்பிப் பக்கம் அப்போதுதான் கேட்கத் தொடங்கும்.